ஜாய்ஸ்டிக் தின்ற வரிகள்

கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு வீடெல்லாம் அதைத் தேடுகிற வயதுக்கு நாம் வந்துவிட்டோம். போன வாரம் பள்ளித் தோழிகள் கூடியபோது பேச்சு மணிக்கட்டு வலியில் ஆரம்பித்தது. யார் யார் எத்தனை வருஷமாகக் கீபோர்டைத் தட்டுகிறோம் என்று கணக்குப் போட்டார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. என் கணக்கு ஒரு கோடை விடுமுறையில் தொடங்குகிறது, அதை இரண்டு வரியில் சொல்ல முடியாது. அதனால் எழுதுகிறேன்.

மேற்கு மாம்பலத்தில், ஸ்டேஷனிலிருந்து பத்து நிமிஷ நடையில் ஒரு மாடிப் போர்ஷன். எனக்குப் பதினொரு வயது. தண்ணி லாரி வந்தால் தெருவே குடத்தோடு ஓடுகிற தொண்ணூறுகள். எங்கள் ஹாலின் மூலையில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. இருந்த ஒரே டேபிள் ஃபேன் அதைப் பார்த்துத்தான் சுற்றும். நாங்கள் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். சோபா தைத்ததில் மிஞ்சிய துணியில் அதற்கு அம்மா ஓர் உறை தைத்திருந்தாள். பிரின்டர் காகிதத்தின் ஓரத்தில் ஓட்டை ஓட்டையாக ஒரு பட்டை வருமே, உங்களுக்கு நினைவிருக்கிறதா? அதைக் கிழித்து மடித்து மடித்து நான் வளையல் செய்வேன். கழுத்தில் மாலையாகவும் போட்டுக்கொள்வேன்.

கம்ப்யூட்டர் அம்மாவுடையது. கல்யாணத்துக்கு முன்னால் மயிலாப்பூரில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் சொல்லிக்கொடுத்தவள் அவள். இப்போது வீட்டிலேயே மற்றவர்களுக்கு டைப் செய்து கொடுத்தாள். அவள் விரல்கள் ஓடும்போது மழை பெய்வது போலிருக்கும், நடுவில் நிற்கவே நிற்காது. ஒன்று சொல்ல வேண்டும், அது இந்தக் கதைக்கு முக்கியம்: டைப் செய்யும்போது அம்மா திரையைப் பார்க்க மாட்டாள். இடது பக்கம் ஸ்டாண்டில் செருகிய தாளில்தான் கண். ஒரு பக்கம் முழுசாக முடிந்த பிறகே தலையைத் திருப்புவாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

அந்த ஏப்ரலில் ஒரு மேடம் வந்தார். கல்லூரியில் பாடம் எடுக்கிறவர். வீடு தரமணிப் பக்கம். நொச்சிக்குப்பத்தில் ரோட்டோரம் மீன் விற்கிற பெண்களைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். ஜூன் மாதம் ஆய்வேட்டைக் கொடுத்துவிட வேண்டும். இரண்டு முறை அவகாசம் வாங்கியாயிற்று, மூன்றாவது கிடையாது என்று அம்மாவிடம் முதல் நாளே சொல்லிவிட்டார். காலையில் எழுதிய தாள்களைக் கொடுத்துவிட்டுக் குப்பத்துக்குப் போவார். சாயங்காலம் செருப்பில் மணலும் சேலையில் கடல் வாசனையுமாகத் திரும்பி வந்து, அன்றைக்கு டைப் ஆனதை வாங்கிக்கொண்டு போவார்.

அவர் கணவர் மஸ்கட்டில் வேலையில் இருந்தார். வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால், என் வயதில் ஒரு மகளையும் பகல் முழுக்க எங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போவார். பின்னால் அவள்தான் என் தோழியானாள். இங்கேயும் தோழி என்றே சொல்லிவிடுகிறேன். முதல் இரண்டு நாள் அவள் ஜன்னல் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்து மின்சார ரயில்களை எண்ணிக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள், சாப்பிட்டுவிட்டு அம்மா படுத்திருந்தபோது, உங்க கம்ப்யூட்டர்ல கேம் இருக்கா என்று கேட்டாள்.

இருந்தது. இரண்டு பீரங்கி வண்டிகள் ஒன்றையொன்று துரத்திச் சுடுகிற விளையாட்டு. அம்மாவின் பக்கத்தை மூடாமலே அதைத் திறக்கிற வழியை எங்கள் சர்வீஸ்காரர் எனக்குக் காட்டியிருந்தார். ஆட்டம் முடிந்ததும் எஸ்கேப் விசையைத் தட்டினால் போதும், அம்மா விட்ட இடம் அப்படியே திரும்ப வந்து நிற்கும். மத்தியானம் அரைமணி நேரம் ஆடலாம் என்று அனுமதியும் உண்டு.

ஆனால் ஒரு கீபோர்டில் இரண்டு பேர் ஆடுவது யுத்தம். என் விரல்கள் இந்தப் பக்கம், அவள் விரல்கள் அந்தப் பக்கம், முழங்கை இடிக்கும். அதைவிட மோசம், மூன்று நான்கு விசைகளைச் சேர்த்து அழுத்தினால் அந்தக் கீபோர்டுக்குப் புரியாது. நான் திரும்பிக்கொண்டே சுட்டால் அவள் வண்டி நின்றுவிடும். நீ வேணும்னே அழுத்தற என்பாள். நீதான் அழுத்தற என்பேன். ஒருநாள் அவள் என் தலைமுடியைப் பிடித்தாள், நான் அவள் கையைக் கடித்தேன்.

மறுநாள் அவள் பையிலிருந்து ஒரு ஜாய்ஸ்டிக்கை எடுத்தாள். அவள் அப்பா மஸ்கட்டிலிருந்து அனுப்பியது. சாம்பல் நிறம், இரண்டு கைக்குள் அடங்குகிற அளவு, சுடுவதற்கு ஒரு சிவப்பு பட்டன். அதன் வயர் வினோதமாக இருந்தது. கீபோர்டின் உருண்டைப் பின்னைக் கழற்றி, அது இருந்த இடத்தில் ஜாய்ஸ்டிக்கைச் செருக வேண்டும். பிறகு ஜாய்ஸ்டிக்கின் வாலில் இருக்கும் ஓட்டையில் கீபோர்டைச் செருக வேண்டும். இரண்டும் ஒரே வழியாகக் கம்ப்யூட்டருக்குள் போகும். அன்று சனிக்கிழமை, அப்பா வீட்டில் இருந்தார். மேஜையைச் சுவரிலிருந்து இழுத்து, டார்ச் அடித்துப் பார்த்து, அவரே செருகிக் கொடுத்தார். அடிக்கடி பிடுங்கினால் பின் வளைந்துவிடும், அப்படியே இருக்கட்டும் என்றும் சொல்லிவிட்டார்.

சண்டை ஓய்ந்தது. அவளுக்கு ஜாய்ஸ்டிக், எனக்குக் கீபோர்டு. அந்த அரைமணி மெல்ல முக்கால் மணியானது, பிறகு ஒரு மணியானது. அம்மா எழுந்து வருகிற கொலுசுச் சத்தம் கேட்டதும் எஸ்கேப்பைத் தட்டிவிட்டு, ஆளுக்கொரு புத்தகத்தை எடுத்துக்கொள்வோம்.

பிரச்சினை அடுத்த வாரம் ஆரம்பித்தது. மத்தியானம் எழுந்து வந்து ஒரு பக்கம் அடித்து முடித்து நிமிர்ந்த அம்மா, அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அடித்த பக்கம் திரையில் இல்லை. அதோடு, காலையில் அடித்ததிலும் அங்கங்கே வரிகளைக் காணோம். கரையான் அரித்தது போல இருந்தது. தன் விரல்தான் எங்கோ தவறிவிட்டது என்று நினைத்து, ஒன்றும் சொல்லாமல் திரும்ப அடித்தாள். இரண்டு நாள் கழித்து மறுபடியும் அப்படியே. தினமும் நடந்தாலாவது பரவாயில்லை. ஒருநாள் நடக்கும், மூன்று நாள் நடக்காது. ஆனால் நடந்தால், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகுதான்.

சாப்பிட்ட மயக்கத்தில் தூங்கி வழிந்துகொண்டு அடிக்கிறாள் என்று அப்பா முடிவு கட்டினார். அம்மா மத்தியானம் சாதத்தைப் பாதியாகக் குறைத்துக்கொண்டாள். அதற்கும் அடங்காமல் போகவே, தி.நகரில் ஒரு கண் டாக்டரிடம் காட்டினார்கள். கண்ணில் கோளாறு இல்லை என்று அவர் சொன்னது அம்மாவுக்கு ஆறுதலாக இல்லை, பயத்தைத்தான் கூட்டியது. கண் இல்லையென்றால் பிறகு என்ன? ஒருநாள் காலையில் நான் சமையலறைக்குள் போனபோது, குக்கர் விசில் வருவதற்குக் காத்திருந்த நேரத்தில், அம்மா மேடைக் கல்லின்மேல் பத்து விரலையும் வைத்து, இன்ஸ்டிட்யூட்டில் முதல் நாள் சொல்லிக்கொடுக்கிற பாடத்தைத் தட்டிக்கொண்டிருந்தாள். ஏ, எஸ், டி, எஃப். உதடு அசைந்துகொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் கையை எடுத்துப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

அந்தச் சமயத்தில்தான் மேடம் கொண்டுபோன இரண்டாம் அத்தியாயத்தை அவருடைய பேராசிரியர் திருப்பி அனுப்பினார். உள்ளே ஏழெட்டு இடத்தில் வாக்கியங்கள் பாதியில் நின்றிருந்தன. சரிபார்த்து முடித்த பக்கங்களிலும் கரையான் புகுந்திருக்கிறது, யாரும் கவனிக்கவில்லை. மேடம் குரலை உயர்த்தவில்லை. தாள்களைப் பிரித்து மேஜையில் வரிசையாக வைத்துவிட்டு, நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார்.

அப்பா சர்வீஸ்காரரை அழைத்து வந்தார். ரங்கநாதன் தெருப் பக்கம் ஒரு மாடிக் கடையில் வேலை பார்த்தவர். சட்டைப் பையில் எப்போதும் மூன்று ஸ்க்ரூ டிரைவர் இருக்கும். பத்து நிமிஷம் அதையும் இதையும் தட்டிப் பார்த்தார்.

“வைரஸ்தாம்மா. கேமு ஃப்ளாப்பில ஏறிக்கினு வந்துகீது. எல்லாத்தையும் அயிச்சிட்டுப் புச்சா ஏத்திர்றேன், ஒண்ணியும் கவலப்படாதீங்கோ.”

ஆய்வேடு ஃப்ளாப்பியில் தனியாக இருந்ததால் தப்பித்தது. மற்றதை எல்லாம் அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றினார். விளையாட்டு வேண்டாம் என்று அப்பா சொல்லியும், நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டதைப் பார்த்து, சுத்தமான ஃப்ளாப்பி ஒன்றிலிருந்து அதையும் போட்டுவிட்டுப் போனார். அடுத்த நான்கு நாள் கம்ப்யூட்டர் ஒழுங்காக நடந்துகொண்டது. அம்மா பாட்டு முணுமுணுத்தாள். அந்த நான்கு நாளும் தோழிக்குக் காய்ச்சல், அவள் வரவில்லை. ஐந்தாம் நாள் வந்தாள். அன்று மத்தியானம் ஒன்றரைப் பக்கம் போயிற்று.

பெரியவர்களுக்கு அது போதுமாக இருந்தது. அந்தப் பெண் வந்தால்தான் வருகிறது என்றார் அப்பா. அவர் சொன்னது சரிதான், அர்த்தம்தான் தப்பு. அதோடு, ஒருநாள் தயிர்சாதம் சாப்பிடும்போது, இந்த தீசிஸ் ஒருநாள் எரிஞ்சு போகணும் ஆன்ட்டி, அது வந்ததிலிருந்து எங்கம்மா என்கூடப் பேசறதே இல்ல என்று தோழி சொல்லியிருந்தாள். அம்மா அதை வேடிக்கையாக நினைத்து மேடத்திடம் சொல்லியிருந்தாள். இப்போது அந்தப் பேச்சு வேறு உருவம் எடுத்தது.

மேடம் மகளைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்தினார்.

“நீதான் அழிச்சியா?”

அவள் பதில் சொல்லவில்லை. அழவும் இல்லை. ஜன்னலைப் பார்த்தாள். அந்த மௌனத்தை எல்லோரும் ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டார்கள். இப்போது எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள். அப்படிக் கேட்ட பிறகு ஒரு குழந்தைக்குச் சொல்ல எதுவுமே இருக்காது என்று இப்போது தெரிகிறது.

சொல்ல வேண்டியவள் நான். அவள் ஒரு நிமிஷம்கூட என்னை விட்டு அகலவில்லை, அம்மாவின் பக்கத்தை அவள் தொட்டதே இல்லை. ஆனால் அதைச் சொன்னால் அரைமணி ஒரு மணியான கதையும் வெளியே வந்துவிடும். நான் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன். அவர்கள் படியிறங்கிப் போனதும் கதவிடுக்கில் நின்று அழுதேன். அம்மா என்னவென்று கேட்டாள், தலைவலி என்றேன்.

மறுநாளும் மேடம் அவளை அழைத்து வரத்தான் வேண்டியிருந்தது. வேறு எங்கே விடுவார்? கம்ப்யூட்டர் பக்கம் போகக் கூடாது என்று உத்தரவு. நான் அவளிடம் போய், நேத்து நான் பேசியிருக்கணும் என்றேன். அவள், அது யாருன்னு நாமளே கண்டுபிடிக்கலாம் என்றாள். எது என்று சொல்லாமல் யார் என்று அவள் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது.

அதற்கு மூன்று நாள் காத்திருந்தோம். அம்மா பிரின்டர் ரிப்பன் வாங்க பஸ் ஏறிப் போன ஒரு காலையில் வீடு எங்கள் வசம் வந்தது. பள்ளி நோட்டின் கடைசிப் பக்கத்தில் கோடு போட்டுக்கொண்டோம். சும்மா ஒரு புதுப் பக்கத்தைத் திறந்து, அதில் எங்கள் பாடப் புத்தகத்திலிருந்து பத்து வரி அடித்து வைத்தேன். முதலில் அவள் மட்டும் ஜாய்ஸ்டிக்கில் ஆடினாள். முடித்துவிட்டு அடித்துப் பார்த்தால் எழுத்துகள் ஒழுங்காக வந்தன. அடுத்து நான் மட்டும் கீபோர்டில் ஆடினேன். அப்போதும் ஒழுங்கு. இரண்டு பேரும் சேர்ந்து ஆடினோம், நான்கு முறை. ஒன்றும் ஆகவில்லை. ஐந்தாம் முறை ஆடிக்கொண்டிருந்தபோது கீழே கேட் சத்தம். அம்மா வந்துவிட்டாள் என்று நான் எஸ்கேப்பை ஓங்கி அடித்தேன். வந்தது தபால்காரர்.

திரும்பி வந்த பக்கத்தில் நான் ஒரு சொல்லை அடித்தேன். எதுவும் விழவில்லை. இன்னொன்று அடித்தேன். எழுத்து விழும் இடத்தைக் காட்டுகிற புள்ளி மேலே ஓடியது, கீழே ஓடியது. ஒய் எழுத்தைத் தட்டினேன். ஒரு வரி முழுசாக மறைந்தது. மறுபடி தட்டினேன், இன்னொரு வரி போயிற்று. டி தட்டினால் ஒரு சொல் போயிற்று.

அம்மா வேலை செய்கிற முறையை நான் பார்த்திருக்கிறேன். ஒரு வரி வேண்டாமென்றால் கண்ட்ரோல் விசையை ஒரு விரலால் அழுத்திக்கொண்டு ஒய் தட்டுவாள். சொல் வேண்டாமென்றால் கண்ட்ரோலும் டியும். ஆனால் நான்தான் கண்ட்ரோலைத் தொடவே இல்லையே என்றேன். தோழி கையிலிருந்த ஜாய்ஸ்டிக்கைப் புரட்டிப் பார்த்தாள்.

“முன்னாடி ரெண்டு பேரும் கீபோர்டுல ஆடினப்ப என் பீரங்கி கண்ட்ரோல் விசைலதான சுட்டுச்சு? இப்ப அதுக்குப் பதிலா இதை அழுத்தறேன். இந்தச் சிவப்பு பட்டனும் அதுவா இருந்தா?”

அதுவேதான். அந்த ஜாய்ஸ்டிக் தனியாக எதுவும் பேசுவதில்லை. கீபோர்டின் குரலில்தான் பேசும். சிவப்பு பட்டனை அழுத்தினால் கண்ட்ரோலை அழுத்தியதாகக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும், விட்டால் விட்டதாகச் சொல்லும். அவள் சுட்டுவிட்டு விரலை எடுக்கிற அதே நொடியில் நான் எஸ்கேப்பை அடித்தால், இரண்டு சேதியும் ஒரே வயரில் மோதி, “விட்டாயிற்று” என்ற சேதி தொலைந்துவிடும். கண்ட்ரோல் இன்னும் அழுந்தியே இருக்கிறது என்று கம்ப்யூட்டர் நம்பிக்கொண்டிருக்கும். அம்மா தாளைப் பார்த்தபடி தட்டுகிற ஒவ்வொரு எழுத்தும் ஒரு கட்டளையாகிவிடும். அவள் கடைசியில் சேமிப்பதற்காக நிஜக் கண்ட்ரோலை ஒருமுறை தொட்டு எடுத்ததும் எல்லாம் சரியாகிவிடும். அதனால்தான் எந்த டாக்டர் கையிலும் நோய் சிக்கவில்லை. இந்த விளக்கமெல்லாம் பின்னால் எனக்குத் தெரிந்தது. அன்றைக்கு எங்களுக்குத் தெரிந்தது இரண்டுதான்: நான் அவசரத்தில் எஸ்கேப்பை அடித்தால் வருகிறது, கண்ட்ரோலை ஒருமுறை தட்டினால் போகிறது.

அதாவது, பாதிக் குற்றவாளி நான். அம்மாவின் கொலுசுச் சத்தத்துக்குப் பயந்த என் விரல். நோட்டில் அதையும் எழுதினேன்.

சனிக்கிழமை சாயங்காலம் மேடம் வந்ததும், அப்பாவையும் அம்மாவையும் கூப்பிட்டு உட்கார வைத்தோம். ஒரு மணி நேரம் ஆடிய கதையை முதலில் சொன்னேன். பிறகு ஆடிக் காட்டினோம். முடித்து, ஒய் தட்டினேன். திரையில் ஒய் என்று விழுந்தது. மறுபடி ஆடினோம். மறுபடியும் ஒய். மூன்றாம் முறையும் அப்படியே. அப்பா பொறுமையிழந்து எழுந்தார். மேடம் கைப்பையை எடுத்துக்கொண்டார். தோழி என் காதருகே குனிந்து, நீ பயப்படாம அடிக்கற, அதான் வரல, உங்கம்மா வர்ற மாதிரி நெனச்சு அடி என்றாள்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். கொலுசுச் சத்தத்தை நினைத்துக்கொண்டு எஸ்கேப்பை அறைந்தேன். பிறகு ஒய் தட்டினேன்.

வரி மறைந்தது.

அம்மா என்னை நகர்த்திவிட்டு உட்கார்ந்தாள். ஒய் தட்டினாள், ஒரு வரி போயிற்று. சுண்டுவிரலால் கண்ட்ரோலை ஒருமுறை தொட்டு எடுத்தாள். ஒய் தட்டினாள், எழுத்து விழுந்தது. தாள் எதுவும் இல்லாமலே, மனதிலிருந்த எதையோ மளமளவென்று ஒரு பத்தி அடித்தாள். ஒரு பிழை இல்லை. பிறகு கைகளை மடியில் வைத்துக்கொண்டு, “எனக்கு ஒண்ணும் ஆகல” என்றாள். அப்பா அவள் தோளில் கை வைத்தார். எங்கள் முன்னால் அவர் அப்படிச் செய்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

மேடம் மகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய்த் தரையிலேயே உட்கார்ந்தார்.

“நீ செஞ்சிருப்பேன்னு நெனச்சேன். தப்பு என்மேலதான்மா. நீ அதை வெறுக்கறேன்னு சொன்னதும் எனக்கு அப்படித்தான் தோணிடுச்சு.”

“இப்பவும் வெறுக்கறேன்” என்றாள் தோழி.

மேடம் மெதுவாக, “நானும்தான்டி” என்றார்.

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்போடு சேர்ந்து, அதுவரை வராத அழுகையும் வந்தது. மேடம் அவள் முகத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்தார். துடைத்துக்கொண்டே, இதை எப்படிப் பிடிக்கணும், காட்டு என்று ஜாய்ஸ்டிக்கைக் கேட்டார். அவள் அம்மாவின் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பட்டன்களில் வைத்தாள்.

எதிராளி வேண்டுமே. அம்மாதான் உட்கார்ந்தாள். அப்பா காபி போடப் போனார். இரண்டு அம்மாக்களும் பீரங்கி ஓட்டினார்கள். மேடத்தின் வண்டி சுவரில் முட்டிக்கொண்டே நின்றது. அம்மாவின் வண்டி நின்ற இடத்திலேயே சுற்றியது. எங்கள் கத்தல் கேட்டுக் கீழ்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். முதல் ஆட்டத்தில் அம்மா ஜெயித்தாள். மேடம், இது செல்லாது, இன்னொன்று என்றார்.

தரமணிக்குப் போகிற ஆறு மணி பஸ்ஸை அவர்கள் விட்டார்கள். ஆறரை மணி பஸ்ஸையும் விட்டார்கள்.